மணிக்கட்டில் எடுத்த தாளம்

என் மகள் ஜெமிமா என் முன்னால் பாடுவதை நிறுத்தி இரண்டு லெந்து காலங்கள், அதாவது பெரிய வெள்ளிக்கு முந்தைய தவக்காலங்கள், கடந்திருந்தன. மூன்றாவது லெந்து தொடங்கிய வாரத்தில் எனக்கு மயக்கம் வர ஆரம்பித்தது. குளியலறையில் ஒரு தரம். ஆலயத்துப் படியில் ஒரு தரம். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், சரியாகிவிடும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெரிய வெள்ளிக்குப் பாடற்குழுவை நடத்த விடமாட்டார்கள் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. மகளோடு சமாதானம் ஆகாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று. அந்த நாட்களில் ஜெபிக்க முழங்காலில் நின்றால் வார்த்தை வரும்; மனம் அதோடு வராது.

அந்த இரண்டு பயத்திலிருந்தும் கர்த்தர் என்னை விடுவித்தார். அதை எழுதும்படி எங்கள் போதகர் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளாமல் எழுத வேண்டுமே என்றுதான் தள்ளிப்போட்டேன். இப்போது எழுதுகிறேன். சகோதரரே, சகோதரியே, பொறுமையாக வாசியுங்கள்.

நான் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். வயது எழுபத்தேழு. மனைவி எஸ்தரும் நானும் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறோம். ஜெமிமா எங்கள் ஒரே பிள்ளை. கணவர், மகனோடு மேடவாக்கத்தில் இருக்கிறாள். தாம்பரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஆலயத்தின் பாடற்குழுவை முப்பது வருடத்துக்கும் மேலாக நான் நடத்தினேன்.

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில், ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்போம். ஆறாம் வார்த்தை முடிந்ததும் எங்கள் குழு ஒரு லத்தீன் பாட்டைப் பாடும். இது நான் தொடங்கிய வழக்கம். மறுமலர்ச்சிக் காலத்தில், அதாவது நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன், ஐரோப்பாவில் ஆலயத்தில் பாடுவதற்காகவே எழுதப்பட்ட பாட்டு அது. ஆர்கன் கிடையாது, கீபோர்டு கிடையாது. நான்கு வகைக் குரல்கள் மட்டும்: பெண்களில் உச்சக் குரல் சொப்ரானோ, அடுத்தது ஆல்டோ; ஆண்களில் டெனர், அடித்தொண்டைக் குரல் பேஸ். ஒரு குரல் தொடங்கும். அதே மெட்டை அடுத்த குரல் பின்னால் எடுக்கும். நான்கும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே போகும். வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றின் சில வரிகள்தான் அதன் வார்த்தைகள். மன்னிப்புக் கேட்டுத் தொடங்கும், நம்பிக்கையில் முடியும். இசையும் அப்படியே. பாட்டு முழுவதும் இருண்டு இருக்கும். கடைசியில், எல்லோரும் சேர்ந்து நிற்கும் அந்த முடிவில், சொப்ரானோ பாடும் பெண்களின் ஸ்வரம் மட்டும் எதிர்பார்த்ததைவிட அரைப் படி மேலே போய் நிற்கும். அவ்வளவுதான். அதுவரை துக்கமாக இருந்தது அந்த ஒரு ஸ்வரத்தில் விடிந்துவிடும்.

அந்த ஸ்வரத்தை ஜெமிமா பாடினால் எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வருடா வருடம்.

அந்தக் காலத்துப் பாட்டுத் தாள்களில் வேகம் எழுதியிருக்காது. மெதுவாகப் பாடு, விரைவாகப் பாடு என்ற குறிப்பே இராது. ஓய்ந்திருக்கும் மனிதனின் நாடித் துடிப்பையே தாளமாக எடுத்துக்கொண்டார்கள் என்று படித்திருந்தேன். சுருதியும் அப்படித்தான். எழுதியிருக்கும் சுருதி கல்மேல் எழுத்தல்ல. எதிரே நிற்கிற தொண்டைகளுக்கு எது இதமோ அங்கே தொடங்கலாம். இரண்டையும் நான் அறிந்திருந்தேன். பாடற்குழுப் பயிற்சி முகாம்களில் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். ஆனால் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று பாட்டுக்கு முன் நான் குழுவின் முன்னால் போய் நிற்பேன். வலது கை விரல் இரண்டை இடது மணிக்கட்டில் வைப்பேன். கண்ணை மூடுவேன். ஆலயம் முழுவதும் அமைதியாகும். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கும். என் நாடியை எண்ணிக்கொண்டு, அதே அளவில் கையை அசைத்துத் தொடங்குவேன். ஜனங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், பாட்டைவிட அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் என் நாடிக்காகக் காத்திருந்தார்கள் அல்லவா.

சில வருடங்களாகப் பாட்டு மெதுவாகிக்கொண்டே வந்தது. எனக்கு அது தெரியவில்லை. என் நாடிதானே அளவு. அளவுகோலே சுருங்கினால் அளப்பவனுக்கு எப்படித் தெரியும்? கணிதம் கற்பித்தவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "இந்த வருஷம் இன்னும் ஆழமா இருந்துச்சு ஐயா" என்று யாராவது கை குலுக்குவார்கள். வயது ஆக ஆக எனக்குள் ஒரு பரிசுத்த அமைதி வருகிறது என்று நான் நம்பினேன்.

சனிக்கிழமை ஒத்திகை எங்கள் வீட்டு ஹாலில் நடக்கும். அடுத்த வீட்டுக்காரர் குமார். ராஜகீழ்ப்பாக்கம் கிராமமாக இருந்தபோது அவர்களுக்கு அங்கே வயல் இருந்தது. இப்போது குடிநீர் கேன் வியாபாரம். எங்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் கேன்களை இறக்குவார். ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் ஜன்னல் வழியாகவே சொன்னார்:

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இந்தப் பாட்டு வர வர மேடவாக்கம் சிக்னல் மாரி ஆயிகினு கீது. எப்ப வுடுவான்னே தெர்ல."

"இது துக்கப் பாட்டு குமார். துக்கத்துக்கு அவசரம் கிடையாது."

"துக்க வூட்லகூட டைமுக்கு எட்த்துர்றாங்க சார்."

குழு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பாட்டு மெதுவானால் மூச்சு போதாது. மூச்சு போதாவிட்டால் சுருதி இறங்கும். வாத்தியம் இல்லாத பாட்டில் அது இறங்குவது பாடுகிறவர்களுக்கே தெரியாது. பாட்டு முடிந்ததும் நான் சுருதி பார்க்கும் ட்யூனிங் ஃபோர்க்கை முழங்காலில் தட்டிக் காதில் வைத்துப் பார்ப்பேன். தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் வித்தியாசம் இருக்கும். "உங்களுக்குக் காதே இல்லையா?" என்று கேட்பேன். பிறகு ஒரு தந்திரம் செய்தேன். முடிவில் சரியான இடத்துக்கு வர வேண்டும் என்பதற்காக, தொடக்கத்தையே மேலே ஏற்றினேன். இறங்கட்டும், இறங்கினால் கணக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். சொப்ரானோ பெண்களின் கழுத்து நரம்பு புடைத்தது. அதை நான் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் பக்தியின் உருக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜெமிமா முதலில் வீட்டில் சொன்னாள், தன்மையாக. "அப்பா, வருஷா வருஷம் ஸ்பீடு குறையுது. என் ஃபோன்ல பழைய ரெக்கார்டிங் இருக்கு. ஒரு தடவை கேளுங்க."

"ஃபோனா எனக்குத் தாளம் சொல்லித் தரப் போகுது?" என்றேன். கேட்கவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் அது நடந்தது. அவள் குரல் அந்தக் கடைசி ஸ்வரத்தில் உடைந்தது. நான் கையைத் தட்டி நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு?"

"மூச்சு பத்தலப்பா. இந்த ஸ்பீடுல அந்த வரிய ஒரே மூச்சுல எடுக்க முடியாது. கீயும் ஏத்திட்டீங்க."

"மத்தவங்க எடுக்கிறாங்களே."

"யாரும் எடுக்கல. எல்லாரும் நடுவுல திருட்டு மூச்சு விடுறாங்க. எட்வின் அங்கிளக் கேளுங்க."

எட்வின் பேஸ் குரலில் பாடுகிறவர். வங்கியில் வேலை பார்த்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் பாட்டுத் தாளைவிட்டுத் தலையை எடுக்காமல், "என்னை ஏம்மா இழுக்குற" என்றார். ஹால் முழுவதும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. கொரோனா காலத்தில் ஜெமிமா ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தாள். அந்த மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து அவளுடைய ஒவ்வொரு மூச்சுக்காகவும் கர்த்தரிடம் மன்றாடியவன் நான். அவர் கேட்டார், அவளைத் திருப்பித் தந்தார். அதே வாயால் அன்று நான் சொன்னேன்:

"ஆக்சிஜன் வச்சப்பவே உன் நுரையீரல் போயிடுச்சு. அத ஒத்துக்கிட்டுப் பின்னால போய் உக்காரு. பாட்டக் குறை சொல்லாதே."

யாரும் சிரிக்கவில்லை.

"என் மூச்சு நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றாள் ஜெமிமா. பாட்டுத் தாளை நாற்காலியில் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் விரலை மணிக்கட்டில் வைத்து, "முதல்லேருந்து" என்றேன்.

எஸ்தர் அன்று மத்தியானம் சாப்பாடு வைத்துக்கொண்டே கேட்டாள், "அவ மூச்ச நீங்களா குடுத்தீங்க, எடுத்துக்குறதுக்கு?" அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை.

அதன்பின் ஜெமிமா மேடவாக்கத்திலேயே ஒரு ஆலயத்துக்குப் போனாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள். "சாப்டீங்களாப்பா?" என்று கேட்பாள். நான் சாப்பிட்டேன் என்பேன். எங்கள் பேச்சு அத்தோடு முடியும். ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நானோ ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? ஆண்டவரே, இவர்கள் காதைத் திறந்தருளும். சுருதி இறங்காமல் காத்தருளும். என் மகளுக்குத் தாழ்மையைத் தாரும். இரண்டு வருடம் இப்படி ஜெபித்தேன்.

சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது.

இனி போன வருடத்துக்கு வருகிறேன். பெரிய வெள்ளிக்கு மூன்று வாரம் இருந்தது. சனிக்கிழமை காலை, வெயில் ஏறிய நேரம். ஹாலில் குழு நின்றது. நான் முன்னால் நின்று விரலை மணிக்கட்டில் வைத்தேன். கண்ணை மூடினேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. இன்னும் காத்திருந்தேன். அதுதான் எனக்கு ஞாபகம். என் நாடிக்காக முதல் தடவையாக நானும் மற்றவர்களோடு சேர்ந்து காத்திருந்தேன்.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். எஸ்தர் என் தலையை மடியில் வைத்திருந்தாள். எட்வின் போனில் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து குமார் உள்ளே ஓடிவந்தார்.

"ஆம்புலன்ஸ் வர்ற வரிக்கும் நிக்க வேணாம்மா. என் வண்டி ரெடியா கீது. கேனெல்லாம் எறக்கிட்டேன். தூக்குங்க."

தண்ணீர் கேன் வண்டியின் ஈரத் தரையில், ஒரு பாயின் மேல் என்னைப் படுக்க வைத்தார்கள். எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்கு போன் செய்தாள். "ஜெமி, அப்பா விழுந்துட்டார்" என்று மட்டும் சொன்னாள். முன்னாலிருந்து குமார் பேசிக்கொண்டே ஓட்டினார்.

"சார், கண்ண மூடாத சார். பேசிகினே இரு. இன்னாவாச்சும் பேசு. சிக்னல்னு சொன்னேனே, அதுக்காவது திட்டு சார்."

திட்ட எனக்குப் பலம் இல்லை. பார்வை இருட்டுவதும் தெளிவதுமாக இருந்தது. அப்போது ஜெபித்தேன். பாடற்குழுவின் காதுக்காக ஜெபிக்கவில்லை. மகளின் தாழ்மைக்காக ஜெபிக்கவில்லை. பிழைக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. "ஆண்டவரே, ஜெமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அந்த அளவுக்கு நேரம் தாரும்" என்றேன். வெகுநாளைக்குப் பிறகு என் வார்த்தையோடு என் மனமும் வந்தது. எனக்குப் பதில் கிடைக்கும் என்று அந்த ஈரத் தரையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். தெரிந்தது.

மருத்துவமனையில் ஒரு இளம் பெண் மருத்துவர் என் நாடியைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். திரும்பவும் நாடியைப் பார்த்தார்.

"சார் ஸ்போர்ட்ஸ்மேனா இருந்தவங்களா?" என்று எஸ்தரிடம் கேட்டார்.

"இவரா? மாடிக்குத் துணி காயப்போடக்கூட ஏற மாட்டார்" என்றாள் எஸ்தர். அவள் கை என் சட்டையை விடவில்லை. அப்போதும் அப்படித்தான் சொன்னாள்.

நாடி முப்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது. இதயத்தைத் துடிக்கச் சொல்லும் இடம் தளர்ந்துபோயிருக்கிறது என்றார்கள். இரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, வெளியிலிருந்து ஒரு கருவியால் துடிக்க வைத்தார்கள். இது தற்காலிக ஏற்பாடு, சில நாளில் நிரந்தரமாக பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள்.

கம்பி வைத்து முடித்தபின் ஜெமிமா வந்தாள். வேளச்சேரி சாலையில் ஒரு தண்ணீர் டேங்கர் குறுக்கே நின்று எல்லாம் அடைத்துக்கொண்டதாம். ஆட்டோவை விட்டு இறங்கி வெயிலில் நடந்து, அப்புறம் யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறி வந்திருக்கிறாள். முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஆதார் கார்டு எங்கம்மா?" என்றாள். அவள் அழுகையை அடக்குகிற விதம் அது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

கர்த்தர் எனக்கு நேரம் தந்துவிட்டார். ஆனால் வார்த்தை வரவில்லை. படுத்துக்கிடந்தேன். தலைமாட்டில் இருந்த இயந்திரம் என் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சத்தம் எழுப்பியது. ஒரே அளவில். முப்பது வருடப் பழக்கம், என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. எண்ண எண்ண, பேஸ் குரலின் முதல் வரி அந்தச் சத்தத்தின் மேல் தானாக வந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் டெனர். அதற்கு மேல் ஆல்டோ. பாட்டு மனதுக்குள் நடந்து போயிற்று. இழுக்கவில்லை. ஓடவும் இல்லை. நடந்தது.

என் உதடு அசைவதை ஜெமிமா பார்த்தாள். "என்னப்பா, தண்ணி வேணுமா?"

"அந்தச் சத்தத்தக் கேளு" என்றேன்.

கேட்டாள். அவள் பாடகி, விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், உதட்டைத் திறக்காமல், சொப்ரானோவின் கடைசி வரியை அந்தச் சத்தத்துக்கு முனகினாள். மிகவும் தாழ்ந்த சுருதியில், எனக்கு மட்டும் கேட்கும்படி. முழு வரியையும் ஒரே மூச்சில் எடுத்தாள். அந்தக் கடைசி ஸ்வரத்துக்கு வந்தாள். அங்கே நின்றாள். உடையவில்லை. அதற்குமேலும் மூச்சு மிச்சம் இருந்தது.

நர்ஸ் திரும்பிப் பார்த்து, "அக்கா, ஐசியூல பாடக் கூடாது" என்றார்.

"பாடல சிஸ்டர். டைம் பாத்தேன்" என்றாள் ஜெமிமா.

அந்த நிமிஷத்தில் எல்லாம் எனக்கு விளங்கிற்று. சாயங்காலம் மருத்துவரும் அதையே சொன்னார். இது ஒரே நாளில் வந்ததல்ல, சில வருடங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கும் என்றார். நான் பரிசுத்த அமைதி என்று நினைத்தது வியாதி. என் இதயம் தளரத் தளர, அந்தத் தளர்ச்சியையே தாளமாகக் கொடுத்து, அதற்கு மூச்சு போதாதவர்களைக் குற்றவாளிகளாக்கினேன். விடியலை நோக்கி எழுதப்பட்ட ஒரு பாட்டை, விடியவே முடியாத பாட்டாக்கி வைத்திருந்தேன்.

மருத்துவர் போனபின் வார்த்தை வந்தது.

"ஜெமி, உன் மூச்சுல தப்பே இல்ல. தப்பு என் நெஞ்சுலதான் இருந்திருக்கு."

அவள் என் போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"நெஞ்சு ஸ்லோ ஆனது உங்க தப்பு இல்லப்பா. எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேன். ஆனா அன்னிக்கு ஆக்சிஜன் பத்திச் சொன்னீங்களே, அத உங்க நெஞ்சு சொல்லல. நீங்க சொன்னீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

சகோதரரே, அங்கே கொடுத்த எந்த மருந்தையும்விட அந்த வார்த்தை எனக்கு வேலை செய்தது. வியாதியின் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். என் மகள் என்னை வெளியே இழுத்தாள். வியாதி பாட்டைத்தான் மெதுவாக்கியது. என் நாக்கை அல்ல.

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றேன். "எல்லார் முன்னாடியும் சொன்னேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்."

"மொதல்ல வீட்டுக்கு வாங்க" என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது தோளுக்குக் கீழே, சட்டைப் பைக்குள் ஒரு தீப்பெட்டி இருப்பதுபோல் தடவினால் தெரியும். சில வாரங்களுக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார்கள். ஆகவே பாடற்குழுவை நடத்த முடியாது. எதை இழந்துவிடுவேன் என்று பயந்து மயக்கத்தை மறைத்தேனோ, அது போயிற்று. போனபின் பார்த்தால், தோளிலிருந்து மூட்டை இறங்கினாற்போல் இருந்தது.

பெரிய வெள்ளிக்கு முந்தைய சனிக்கிழமை குழுவினர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். ஜெமிமா எனக்கு மாத்திரை வாங்கி வந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படி அருகில் நின்றாள், உடனே போய்விடுகிறவள்போல. நான் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றேன். ஜெபித்துத் தயாரித்த பேச்சு ஒன்று இருந்தது. அதில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

"இதே இடத்துல நின்னு என் மகள் மூச்சக் கேவலமாப் பேசினேன்" என்றேன். "கர்த்தர் அவளுக்குத் திருப்பிக் கொடுத்த மூச்சு அது. அவ சொன்னது சரி. நான் சொன்னது பாவம். ஜெமி, என்னை மன்னிச்சிடும்மா. நீங்களும் மன்னிச்சிடுங்க. உங்களுக்குக் காது இல்லைன்னு சொன்னேன். கேக்காதது நான்தான்."

எட்வின்தான் முதலில் பேசினார்.

"சார், நாங்களும் ஒரு விஷயம் ஒத்துக்கணும். திருட்டு மூச்சு விட்டது உண்மைதான். ஜெமி கேட்டப்ப நான் வாயத் திறந்திருந்தா அந்தப் புள்ள தனியா நின்னிருக்காது."

ஜெமிமா ஹெல்மெட்டை மேஜையில் வைத்தாள். அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன். உள்ளே வந்து சொப்ரானோ பெண்களுக்குப் பக்கத்தில் நின்று, சாதாரணமாகக் கேட்டாள்: "கீ எங்க எடுக்கப் போறீங்க?"

என் சட்டைப் பையில் இருந்த ட்யூனிங் ஃபோர்க்கை எடுத்து நீட்டினேன். "நீயே எடும்மா."

அவள் ஒரு சுருதி கொடுத்தாள். எல்லோர் முகத்தையும் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கீழே கொடுத்தாள். மறுபடியும் பார்த்தாள். கழுத்து நரம்பெல்லாம் அடங்கி, தோள்கள் தளர்ந்து, எட்வின் மட்டும் "இதுக்குக் கீழ போனா நான் தரையில படுத்துத்தான் பாடணும்" என்று சொல்கிற இடத்தில் நிறுத்தினாள். முப்பது வருடம் நான் அறிந்தும் செய்யாததை அவள் அரை நிமிஷத்தில் செய்தாள்.

பெரிய வெள்ளியன்று ஆறாம் வார்த்தை முடிந்தது. நான் முதல் வரிசையில் எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெமிமா குழுவின் முன்னால் வந்து நின்றாள். மணிக்கட்டைத் தொடவில்லை. கண்ணை மூடவில்லை. எதிரே இருந்தவர்களைப் பார்த்து மூச்சை உள்ளே இழுத்தாள். அவர்களும் இழுத்தார்கள். எல்லோர் மூச்சும் சேர்ந்த அந்த இடத்திலிருந்து பாட்டு தொடங்கியது.

அதே பாட்டுத்தானா என்று இருந்தது. துக்கம் இருந்தது, ஆனால் அது உட்கார்ந்து புலம்புகிற துக்கமாக இல்லை. அழுதுகொண்டே வீட்டை நோக்கி நடக்கிறவனின் துக்கமாக இருந்தது. கடைசி வரி வந்தது. ஜெமிமா சபையைப் பார்த்துத் திரும்பி நின்று தானும் சேர்ந்து பாடினாள். அந்த ஸ்வரம் எழும்பியது. ஆலயத்துக் கூரை உயர்ந்ததுபோல இருந்தது. எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்தேன், வலது கையால்.

பாட்டு முடிந்ததும் ஜெமிமா ஃபோர்க்கைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்துக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஏறக்குறைய ஒட்டுகிற அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி காட்டினாள். கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். நான் ஆலயத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். போதகர் ஏழாம் வார்த்தையைத் தொடங்கக் கொஞ்சம் தாமதித்தார்.

வெளியே குமார் வண்டியோடு காத்திருந்தார். என்னை ஏற்றிக்கொண்டு போவது தன் பொறுப்பு என்று அவராகவே வைத்துக்கொண்டார். "இன்னா சார், சிக்னல் வுட்டுட்டான் போலக்கீதே. நான் ஒரு டீ சொல்றதுக்குள்ள முட்ச்சிட்டாங்க" என்றார்.

இப்போது நான் பேஸ் வரிசையில் எட்வினுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறேன். என் கை நன்றாகத்தான் தூக்க வருகிறது. ஆனாலும் குழு ஜெமிமாவுடையது. ஞாயிறுதோறும் மேடவாக்கத்திலிருந்து வருகிறாள். ஆராதனைக்குப் பின் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒத்திகையில், "அப்பா, இழுக்காதீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறாள். "சரிம்மா" என்கிறேன். அந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் இருக்கிற சந்தோஷத்துக்காக நான் கர்த்தரை எவ்வளவு துதித்தாலும் தகும்.

என் ஜெபத்துக்கு அவர் பதில் தந்தார் என்று உறுதியாகச் சாட்சி சொல்கிறேன். வண்டியில் கேட்ட ஜெபத்துக்கு மட்டுமல்ல. இவர்கள் காதைத் திறந்தருளும் என்று இரண்டு வருடம் கேட்டேனே, அதற்கும் பதில் தந்தார். காது திறந்தது. யாருடைய காது என்று நான் தவறாகச் சொல்லியிருந்தேன். அவர் சரியான இடத்துக்குப் போனார். தாழ்மை கேட்டேன். அதையும் தந்தார். அதற்கும் முகவரி மாற்றித்தான் கொடுத்திருந்தேன்.

நீங்களும் ஒருவரைத் திருத்தச் சொல்லி ஆண்டவரிடம் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். மகளை, மருமகனை, பக்கத்தில் நிற்பவரை. கேளுங்கள், அவர் கேட்கிறவர். அவரை நம்பி எல்லாவற்றையும் அவர் முன் வையுங்கள். அதோடு உங்கள் விரல் இரண்டையும் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை: மயக்கம் வந்தால் மறைக்காதீர்கள். சொல்ல வேண்டிய மன்னிப்பு இருந்தால், தண்ணீர் வண்டியில் ஏறும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே போன் செய்யுங்கள். எடுக்கும்வரை மணி அடிக்கட்டும்.